பத்துப் பாலாடைக்கட்டி உள்ள பைபிள்

பார்சல் வண்டி ஓட்டும் அந்த மனிதருக்கு அவர் சுற்றும் தெருக்களில் 'கையெழுத்து' என்று பெயர். பதினோரு வருடமாக ஒரே வட்டாரம், ஒரே வண்டி. கதவு திறந்ததும் வணக்கத்துக்கு முன்னால் "கையெழுத்து!" என்பதுதான் அவர் வாயில் வரும். உள்ளங்கை அகலத் திரையை நீட்டுவார். குளித்துக்கொண்டிருந்தவர்கூட துண்டோடு ஓடி வந்து ஈர விரலால் ஏதோ கிறுக்கிவிட்டுப் போவார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

எதையும் சட்டென்று முடிவு செய்கிற ஆள். குடியிருக்கும் வீட்டைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் சாவியைக் கேட்டவர். சோபாவை உட்கார்ந்துகூடப் பார்க்காமல் வாங்கினார். அதற்கான தண்டனையை அவருடைய முதுகு இன்றுவரை அனுபவிக்கிறது. அப்பேர்ப்பட்டவர் ஒரு குழந்தைக்கு பைபிள் வாங்கப் போய் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர், மனைவி, மகள் என்று மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு அதிகாரம் படிப்பார்கள். ஆளுக்கு இரண்டு வசனம். மகளுக்கு ஏழு வயது. பகல் முழுக்கப் பள்ளியில் வேறு மொழி. அதில் தண்ணீர் பட்ட பாடாகப் படிப்பாள். தமிழில் பேச்சுக்குக் குறைவில்லை, எதிர்ப்பேச்சுக்கு இன்னும் குறைவில்லை. படிப்பதுதான் சிக்கல். வீட்டிலிருந்த பெரிய பைபிளில் எழுத்தெல்லாம் எறும்பு அளவு. வார்த்தைகளோ சரக்கு ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்றே தெரியாமல் நீளும். ஒருநாள் அப்படியொரு வார்த்தையின் நடுவில் அவள் நின்றாள். பின்னால் போய் மறுபடி வந்தாள். மூன்றாம் தரமும் முட்டிக்கொண்டதும் புத்தகத்தை மெதுவாக அப்பா பக்கம் தள்ளினாள்.

"நீங்களே படிங்கப்பா. நான் கேட்டுக்கிறேன்."

அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பார். அடம் பிடித்திருந்தால் அதட்டியிருப்பார். விருந்துக்கு வந்தவர் இரண்டாம் முறை பரிமாற வரும்போது போதும் என்பாரே, அத்தனை மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைதான் அவரைக் குத்தியது. அடுத்த ஐந்து நாளும் அதே மரியாதை.

பார்சல்காரர் நூறு வீட்டு வாசலைப் பார்த்தவர். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் நல்ல தமிழ்ப் பெயர் இருக்கும். கதவைத் திறக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் தமிழில் மிச்சமிருக்காது. உள்ளேயிருந்து அம்மா ஒரு மொழியில் கேட்பாள், பிள்ளை இன்னொன்றில் பதில் சொல்லும். இன்றைக்கு 'கேட்டுக்கிறேன்' என்பவள் நாளைக்கு மேஜையை விட்டே எழுந்து போய்விட்டால்? அவர் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தப் பெரிய பைபிளில்தான். அதன் பழைய வார்த்தைகள் அவருக்குச் சொந்த வீட்டு மாடிப்படி மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடுவார். இன்னொருவருக்கு அது ஏறவேண்டிய படி என்பதே அவருக்கு அந்த வாரம்தான் உறைத்தது.

அவர் போகும் வழியில் ஒரு புத்தகக் கடை இருந்தது. பெட்டி பெட்டியாக இறக்கிப் பழக்கம். கடைக்கார அம்மாள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே கடை முழுக்கத் தேடுகிற ரகம்.

"அக்கா, ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒரு பைபிள் வேணும். படிக்க எளிதா."

"நீங்க படிச்சுக் காட்டவா, அவளே படிக்கவா?"

"அவளே படிக்கணும்."

"முழு பைபிளா, கதை மட்டுமா? படம் பெருசா, எழுத்து பெருசா? தினம் படிக்கவா, ஞாயித்துக்கிழமை தூக்கிட்டுப் போகவா?"

அவர் இடுப்பிலிருந்த கருவி, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று கீச்சிட்டது.

"என்னக்கா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கிற மாதிரி கேக்கிறீங்க?"

"மாப்பிள்ளைன்னா ஒரு வார்த்தைல முடிச்சிருப்பேன் தம்பி. இது புத்தகம்."

இப்படியே இரண்டு வாரம் போனது. பெட்டி இறக்கும்போதெல்லாம் இரண்டு பக்கம் புரட்டுவார், கருவி கீச்சிடும், ஓடுவார். மூன்றாம் வாரம் அந்த அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று பைபிளை ஒரு பையில் போட்டுக் கையில் திணித்தாள். "வீட்டுக்குக் கொண்டு போங்க. படிக்கப் போறவளே முடிவு பண்ணட்டும். மத்ததைச் சனிக்கிழமை கொண்டு வாங்க. பக்கத்துல சாஸ் கறை பட்டா அது உங்களோடது."

வண்டியிலிருந்த தராசில் அவர் மூன்றையும் எடை போட்டுப் பார்த்தார். எதையும் எடை போட்டால்தான் அவருக்கு நிம்மதி. முந்நூற்று நாற்பது கிராம். எழுநூறு கிராம். ஒரு கிலோ நானூறு. ஏழு வயதுக் கைக்கு எழுநூறுதான் சரி என்று அங்கேயே மனதுக்குள் முத்திரை குத்திவிட்டார்.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து மூன்றையும் வரிசையாக வைத்தார்கள். முதலாவது அட்டைப் புத்தகம், பொத்தானை அமுக்கினால் சத்தம் வரும். மகள் தானியேலின் சிங்கத்தை அமுக்கினாள். சமையலறைப் பாத்திரம் அதிரும்படி ஒரு கர்ஜனை.

"யாருங்க அது? உங்க மேனேஜரா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"மேனேஜர் இவ்வளவு மெதுவா பேசமாட்டார்."

மகள் சிரித்து ஓய்ந்ததும் அப்பா எழுநூறு கிராமை நைசாக முன்னால் நகர்த்தினார். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். "இதைப் பாரு கண்ணு, அழகா இருக்கில்ல?"

மகள் அழகைக் கவனிக்கவில்லை. "தாவீது எங்கே?" என்றாள்.

மூன்று வயதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது அவள் கேட்ட கதை அது. அப்பா சொல்லும் தாவீது முதலில் கவண் எடுக்கிறவன் இல்லை, பார்சல் கொண்டு போகிறவன். போர்க்களத்தில் இருக்கும் அண்ணன்களுக்கு வறுத்த தானியம், பத்து ரொட்டி. அவர்களுடைய தலைவனுக்குப் பத்துப் பாலாடைக்கட்டி. கழுதைக்கு வழியில் கால் வலிக்கும், தாவீது எண்ணெய் தேய்த்துவிடுவான். விடிகாலையில் கிளம்பி, சரியான ஆளிடம் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கின பிறகுதான் கோலியாத்தை நிமிர்ந்தே பார்ப்பான். வேலை முடியாமல் சண்டை கிடையாது.

அட்டைப் புத்தகத்தில் தாவீதுக்கு ஆறு வரி. கல் பறந்தது, கோலியாத் விழுந்தான், பொத்தானை அமுக்கினால் தொம்மென்று சத்தம். இரண்டாவதில் நான்கு பக்கம். முதல் படத்திலேயே கையில் கவண்.

"அப்பா, இதுல டெலிவரியே இல்ல."

"இருக்கும், நல்லா பாரு."

"இல்லப்பா. ரொட்டி இல்ல, சீஸ் இல்ல, கழுதை இல்ல." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கதை விட்டீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி, எது எழுதியிருப்பது, எது வண்டி ஓட்டிக்கொண்டே தான் சேர்த்தது என்பது அவருக்கே கலங்கிப் போயிருந்தது. ரொட்டி இருப்பதாகத்தான் ஞாபகம். கழுதை? மனைவி ஈரக் கையோடு வந்து வேடிக்கை பார்க்க உட்கார்ந்தாள்.

"மாட்டிக்கிட்டாரா? ஒழுங்கா ஒத்துக்கோங்க."

"சரி," என்றார் அவர் தலையைச் சொறிந்தபடி. "கையெழுத்து நான் சேத்ததுதான். அந்தக் காலத்துல அதெல்லாம் எங்கே? சும்மா சிரிக்கட்டுமேன்னு சொன்னேன்."

மகளின் முகம் சுருங்கியது. அவளுக்கு அந்தக் கதையில் பிடித்ததே அதுதான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சமாளிக்க மூன்றாவது பைபிளை எடுத்தார். முழு பைபிள், ஆனால் இப்போது பேசுகிற தமிழ், பெரிய எழுத்து, சின்னச் சின்ன வாக்கியம். "இதுல எல்லாமே இருக்கும். இரு, படிச்சுக் காட்டறேன்."

ஒரு சின்னக் கை வந்து பக்கத்தை மூடியது.

"நீங்க வேணாம். நீங்க படிச்சா நடுவுல எதையாவது சேத்துருவீங்க. நானே படிக்கிறேன்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட பயந்தார்கள்.

அவர் அதிகாரத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தார். அவள் விரலை வைத்து ஆரம்பித்தாள். கோலியாத்தின் ஈட்டியைத் தாண்டினாள். ஒரு வார்த்தையில் நின்றாள். அப்பாவின் வாய் தானாகத் திறந்தது. மேஜைக்கு அடியில் மனைவி தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வாய் மூடிக்கொண்டது. மகள் அந்த வார்த்தையை மூன்று துண்டாக உடைத்தாள், சேர்த்தாள், தாண்டினாள். அடுத்த பக்கம். நாலு வரி. ஐந்து வரி.

"வறுத்த தானியம்!" என்று கத்தினாள். "பத்து ரொட்டி! பத்து... பா... பாலாடைக்... அப்பா, சீஸ்! பத்து சீஸ் இருக்கு!"

"நான்தான் சொன்னேனே!" அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இருங்க, பேசாதீங்க." விரல் நகர்ந்தது. இந்த வரியை மெல்லப் படித்தாள். நின்றாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள்.

"அப்பா! கையெழுத்து இருக்கு!"

"எங்கே?"

"தாவீதோட அப்பா சொல்றாரு. அண்ணன்க எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு, அவங்ககிட்டேருந்து ஒரு அடையாளம் வாங்கிட்டு வரணுமாம். அடையாளம்னா கையெழுத்துதானே? குடுத்துட்டேன்னு காட்டறதுக்கு!"

அவர் எட்டிப் பார்த்தார். இருந்தது. சின்ன வயதில் எப்போதோ பெரிய பைபிளில் படித்தது உள்ளே எங்கோ தங்கி, தன்னுடைய கற்பனை மாதிரி வெளியே வந்திருக்கிறது. செய்யாத குற்றத்தை அல்லவா ஒத்துக்கொண்டிருக்கிறார்!

"நிரபராதி," என்றாள் மனைவி. "எதுக்கும் ஒரு வக்கீல் வச்சிருக்கலாம்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மகள் நாற்காலியில் நின்றபடியே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு இறங்கி மிச்சத்தையும் படித்தாள். கொண்டுபோன சாமான்களைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாவீது ஓடும் இடத்தில், "சரியா பண்ணிட்டான்," என்று வேலை தெரிந்தவள்போலத் தலையாட்டினாள். கழுதை மட்டும் கடைசிவரை வரவில்லை. "அது உங்களோடது," என்று தீர்ப்பு வந்தது. ஏற்றுக்கொண்டார்.

சனிக்கிழமை மகளையும் காரில் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் திரும்பி வந்த இரண்டையும் கறை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள்.

"மூணுல கனமானதையா எடுத்தே? படம் இதுலதானே ஜாஸ்தி?"

"அதுல பாதி இல்ல ஆன்ட்டி. இதுல எல்லாம் இருக்கு. அப்பா எங்கெங்க சேத்துவிடறாருன்னு கண்டுபிடிச்சிடலாம்."

"போச்சு தம்பி, இனிமே உங்க பொழப்பு கஷ்டம்!" அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் தலைமேலிருந்த கண்ணாடி நழுவித் தானாகவே மூக்கில் உட்கார்ந்தது.

காரில் ஏறியதும் மகள் அடுத்த விசாரணையைத் தொடங்கினாள். "மீன் வயித்துக்குள்ள யோனா இருமிட்டே இருந்தாருன்னு சொன்னீங்களே, அது இருக்கா?"

"இருக்கும்னுதான் நினைக்கிறேன்," என்றார். இந்த முறை அவசரப்பட்டு எதையும் ஒத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. "முன்னாடி பொருளடக்கம் இருக்கு. நீயே பாரு."

அவள் ஒரு கிலோ நானூறை மடியில் சாய்த்துத் தேடி எடுத்தாள். விரலை வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். திணறினாள், கோபத்தில் ஒரு வார்த்தையைத் திட்டினாள், அதையே மறுபடி படித்தாள். அவர் சாவியைத் திருகாமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கப்பலில் புயல் அடித்தது. யோனாவைத் தூக்கிக் கடலில் போட்டார்கள். பக்கத்தில் நின்றிருந்த கார்கள் கிளம்பிப் போய் வேறு கார்கள் வந்து நின்றன.

போன் அடித்தது. மனைவி.

"எங்கே இருக்கீங்க? சாப்பாடு ஆறுது."

"ஷ்ஷ்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "யோனா இன்னும் வெளியே வரல. வந்ததும் கிளம்பிடறோம்."