ஜோடியக்கா வாங்கிய வீட்டுச் சாமான்கள்

உங்கள் பிள்ளைக்குச் சோறூட்டும் பெண்ணுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றா, விடுப்புக் கேட்டு வாசற்படியில் நின்ற அன்றா?

ஜோடியக்காவின் முதலாளியம்மாவுக்கு அவள் விடுப்புக் கேட்ட அன்றுதான் தெரிந்தது. சொல்லவே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். அதுவரை அவர் கேட்டதே இல்லை.

அந்த வீட்டில் இரட்டைக் குழந்தைகள். அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்துவிட்டு, துணி தேய்க்கும் அறையில் பாய் விரித்துப் படுப்பவள் ஜோடியக்கா. புருஷன் கைவிட்டுப் போன பிறகு, எட்டு வயது மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறியவள். ஏற்றிவிட்ட ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். ஒரு வருஷம் ஓட்டிவிட்டால் தனி அறை பிடிக்கலாம், பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அந்த வார்த்தையை நம்பி அவள் குடித்தனச் சாமான் சேர்க்கத் தொடங்கினாள். வார விடுமுறை மதியம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தைக்குப் போவாள். அங்கே பாத்திரக்கடைக்காரர் தமிழ் பேசுகிறவர். தட்டு இரண்டு, தம்ளர் இரண்டு, தலையணை இரண்டு என்று அவள் வாங்குவதைப் பார்த்து, ஜோடியக்கா என்ற பட்டப்பெயரை வைத்தவரும் அவர்தான்.

"எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வாங்கி எனக்கு எதிர்க்கடை போடப் போறியா அக்கா?"

"துடைப்பம் ஒண்ணுதானே தம்பி வாங்கினேன்? எம் பொண்ணைப் பெருக்க விடுவேனா?"

வாங்கியதை வைக்க முதலாளி வீட்டில் அவளுக்கென்று ஓர் அலமாரித் தட்டுகூட இல்லை. கடைக்காரரின் பரணிலேயே எல்லாம் ஏறின.

தேர்ந்தெடுப்பது மகள், தொலைபேசித் திரையில் இருந்தபடி. மூடியைத் தட்டிக் காட்டச் சொல்வாள். துடைப்பத்தை உதறிக் குச்சி உதிர்கிறதா என்று பார்க்கச் சொல்வாள். நீல வாளியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, மூடி போட்ட பச்சை வாளியைத்தான் எடுக்க வைத்தாள். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அவ்வளவு நொட்டை சொல்லமாட்டாள். கடைக்காரர் அலுத்துக்கொள்வார். அம்மாவுக்கோ வாரம் முழுவதற்கும் அந்த ஒரு மதியம் போதும்.

வருஷம் முடிந்தது. விசா அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: வீட்டு வேலைக்கு வந்தவர்கள் பிள்ளையை அழைத்துவர அனுமதி இல்லை, எத்தனை வருஷம் ஆனாலும் இல்லை. சரி, நானாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முதலாளியம்மாவிடம் கேட்டாள். குழந்தைகள் உன் கையால்தான் சாப்பிடுகின்றன, கொஞ்சம் வளரட்டும் என்று பதில் வந்தது. மகளும்தான் வளர்ந்துகொண்டிருந்தாள், பார்க்க ஆளில்லாமல்.

தலையெழுத்து என்று தெரிந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். எந்தத் தலையிலும் எழுத்து கிடையாது. மண்டையோட்டில் இருப்பவை எலும்புகள் பொருந்திய கோடுகள், அவ்வளவுதான். இந்த விதியை மேசைக்கு முன் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே மனிதர்கள் எழுதினார்கள். அவளுடைய இரண்டு கைகளுக்கு விசா கொடுத்தார்கள். அந்தக் கைகள் தூக்கி வளர்த்த பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. மனிதர் எழுதியதை மனிதரே அடித்து எழுதவும் முடியும். அதற்கு யாருக்கும் அவசரம் இல்லை.

பரணில் இருப்பதை விற்றுவிடச் சொன்னாள். கடைக்காரர் ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்துக் கடையில் அடுக்கினார்.

மகளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அடுத்த விடுமுறையன்றும் அவள் கூப்பிட்டாள், இன்றைக்கு என்ன வாங்கப் போகிறோம் என்று. அம்மா ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினாள். கடைக்காரரும் பேரம் பேசினார், காகிதத்தில் சுற்றியும் கொடுத்தார். பேச்சு முடிந்ததும் பிரித்துப் பழைய இடத்தில் மாட்டினார். பிறகு வாரந்தோறும் அப்படியே நடந்தது. ஜன்னல் திரை, சோப்புப் பெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வாங்கப்பட்டன, அலமாரிக்குத் திரும்பின.

ஒரு மதியம் மிதியடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, உனக்குப் பின்னாடி ஒரு ஆளு நம்ம பச்சை வாளியை எடுத்துட்டுப் போறாரு."

அம்மாவுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அது வேற வாளிடா தங்கம்."

திரையில் தங்கை வீட்டுச் சுவரும் பாதி முகமும் மட்டும் தெரிந்தன. கடைக்காரர் உள்ளே போய்விட்டார்.

"ஆமாம்மா, வேற வாளிதான்," என்றாள் மகள். பிறகு பெரிய மனுஷியைப் போல நிதானமாகச் சொன்னாள்: "போதும்மா. வீடு நெறஞ்சிருச்சு. இனிமே எதுவும் வாங்க வேணாம்."

அதற்குப் பிறகு ஜோடியக்கா சந்தைக்குப் போகவில்லை. விடுமுறை மதியங்களில் இருவருக்கும் பேச விஷயம் இல்லை. சாப்பிட்டியா என்று ஒருத்தி கேட்கிறாள், சாப்பிட்டேன் என்று மற்றவள் சொல்கிறாள். கேட்பது மகளாகவே இருக்கிறது.

ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்தால், உங்கள் பிள்ளைகள் ஒரு மாதம் உங்கள் கையால் சாப்பிடட்டும். சம்பளத்தைப் பிடிக்காமல், திரும்பி வரும் டிக்கெட்டையும் கையில் கொடுத்து, அவளை ஊருக்கு அனுப்பிவையுங்கள்.