கண்ணை மூடிக்கொண்டு வெட்டின வலை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் ஏழு பேர் படுத்த வீட்டிலிருந்து கிளம்பினவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. துறைமுகத்தில் மூச்சடக்கிக் கீழே போய், கப்பலின் அடியில் ஒட்டின சிப்பி சுரண்டினேன். பிறகு ஆள் வைத்து அந்த வேலையை நானே குத்தகைக்கு எடுத்தேன். கிராண்ட்பாஸில் பட்டறை போட்டேன். வெள்ளவத்தையில் மூன்று மாடி எழுப்பினேன். ஒருத்தரும் கைகொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவனை மகளும் மருமகனும் மாலைதீவுக்குக் கூட்டிப் போய், ஒரு மீன்பிடிக்காரர் வாடகைக்கு விட்ட அறைக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார்கள். மருமகன் கடலுக்கடியில் சுழியோடப் பழகினார். எனக்கு எழுபத்திரண்டு வயது என்று தண்ணீரில் இறங்க விடவில்லை. "ஆறுதலா இருங்கோ மாமா" என்று காலையும் மாலையும் சொல்லுவார். எனக்கு ஆறுதல் எங்கே வரும்? தீவைச் சுற்றி நடந்தேன், அரை மணித்தியாலத்தில் முடிந்தது. மறுபடியும் நடந்தேன். வீட்டுக்காரரின் ஒழுகின குழாயைத் திருத்திக் கொடுத்தேன். இரண்டு நாளும் அப்படியே போயிற்று.

மூன்றாம் நாள், படகை விட்டு இறங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்து அவர்களோடு போனேன். அவர்கள் மூச்சுக்குழாய் போட்டு மீன் பார்த்து ஏறின பிறகு, திரும்பி வரும் வழியில் பழைய வலை ஒன்று இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இஞ்சின் நின்றது. அலை எங்களை பவள முருகைக்கல் பாறைப் பக்கம் தள்ளத் தொடங்கியது. படகோட்டி இரண்டு தரம் குதித்தார். இரண்டு தரமும் கை கிழிந்துதான் ஏறினார்.

நான் சேர்ட்டைக் கழற்றினேன்.

"அப்பா, பேசாம இருங்கோ" என்றாள் மகள்.

"நான் இருந்தா, கொஞ்ச நேரத்தில எல்லாரும் கல்லுக்கு மேலதான் இருப்பம்."

படகில் கிடந்த கத்தியை எடுத்தேன். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மருமகனிடம் கொடுத்தேன். ஒரு இழுப்பு என்றால் தளர்த்த வேணும், இரண்டு என்றால் தூக்க வேணும், மூக்குச் சொறியவும் கை எடுக்கக் கூடாது என்றேன்.

உண்மையைச் சொல்லுகிறேன், முதல் தரம் எனக்கு ஏலவில்லை. துறைமுகத் தண்ணீர் கறுப்பு, அங்கே கண்ணால் வேலை இல்லை, எல்லாம் விரல்தான். இங்கே படகோட்டியின் சுழியோடுகிற கண்ணாடியைப் போட்டுக் குனிந்தால், காலுக்குக் கீழே அடிவரைக்கும் வெளிச்சம். பத்தாம் மாடியில் தொங்குகிற மாதிரி. தலை சுற்றி மேலே வந்துவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போனேன். உடனே விரலுக்குப் பழைய புத்தி வந்தது. எந்த இழை இறுகினது, எது சும்மா தொங்குகிறது என்று தடவிப் பார்த்து வெட்டினேன். நாலு தரம் மூச்செடுக்க ஏறினேன். ஐந்தாம் தரம் வலை கழன்றது. இரண்டு இழுப்பு இழுத்தேன்.

மருமகன் கயிற்றைக் கடைசிமட்டும் விடவில்லை. அதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

ஆனால் கொழும்புக்கு வந்த பிறகு பேத்தி போனில் ஒரு படம் காட்டினாள். மாலைதீவிலிருந்து வெளிக்கிடுகிற அன்று அந்த வீட்டு விருந்தினர் புத்தகத்தில் மருமகன் இங்கிலீசில் எழுதின பக்கம். அவள் வாசித்துச் சொன்னாள்: படகோட்டியின் துணிச்சலால் நாங்கள் எல்லாரும் தப்பினோம், வயதான மாமாவும் பத்திரமாக வந்து சேர்ந்தார்.

மருமகனைக் கேட்டேன். வயது போன ஆளை இறக்கினது தெரிந்தால் படகோட்டியின் வேலை போய்விடும் என்றார். சரி, அந்த மனுசனின் வேலை போக வேண்டாம். ஒருத்தர் சொல்லும் கேளாமல் நானே குதித்தேன் என்று எழுதுங்கோ, அதுதான் உண்மையும். ஆனால் வீட்டுக்காரருக்கு இந்தக் கிழமைக்குள்ளேயே கடிதம் போக வேணும். அந்தப் பக்கத்தில் வலையை வெட்டினவன் நான் என்று, என் முழுப் பேரோடு ஏற வேணும்.