கட்டுப் போடாத கால்

மிளகு ஏணி என்பது ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு கிளையைக் குட்டையாக வெட்டி விட்டிருப்போம். அந்தக் குச்சியைக் கால் கட்டைவிரலும் அடுத்த விரலும் கவ்வ வேண்டும். கவ்வினால்தான் சில்வர் மரத்தில் படர்ந்த மிளகின் உச்சிக் கொடி வரை போகலாம். மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் சோறு அந்த இரண்டு விரலில் இருந்தது.

இரண்டாயிரம் பிறக்க இருந்த வருடம். கார்த்திகையில் காப்பிச் செடிக்குள் களை வெட்டும்போது முளைக்கட்டை குத்தி என் வலது கட்டைவிரல் கிழிந்தது. மஞ்சள் வைத்தேன். ஆறவில்லை. மார்கழியில் சீழ் பிடித்தது. தையில் மிளகு பறிப்பு. அதற்குள் ஆற வேண்டும். வேறு கவலை எனக்கு இல்லை.

அரையாண்டு லீவு விட்டுப் பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. கீழே பட்டணத்திலிருந்து டாக்டருக்குப் படிக்கிறவர்கள் ஒரு வேனில் வந்து அங்கே தங்கினார்கள். இருமலுக்கு மருந்து கொடுத்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். கடைசியில் அவர்களுடைய பேராசிரியர் மலையேறி வருவார். ஆளுக்கு ஒரு நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு மார்க் உண்டு. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

என் காலைப் பார்த்தவன் கண்ணாடி போட்ட பையன். பழந்துணியைப் பிரித்ததும் அவன் முகம் மலர்ந்தது. சீழைப் பார்த்து ஒருவன் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

"இத நான் எடுத்துக்கறேன்" என்றான் பக்கத்தில் நின்ற பெண்ணிடம். அவளும் படிக்கிறவள்தான். பிறகு என்னிடம், "அண்ணே, இன்னிக்குக் கட்டு வேண்டாம். நாளைக்கு சார் வாராரு. அவர் பாத்ததும் நானே கட்டிடறேன். தண்ணி படாமப் பாத்துக்குங்க" என்றான். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தான்.

மறுநாள் சார் வரவில்லை. மழையில் கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது. நாளைக்கு என்றான். அதற்கு அடுத்த நாளும் நாளைக்கு என்றான்.

என் வீட்டுக்காரி தினமும் வகுப்பு வாசலில் நின்று கேட்டாள். "ஏனுங்க சாமி, நாத்தம் குடல புடுங்குது. இன்னிக்காச்சும் கட்டி உடுங்க."

"நாளைக்கும்மா."

மருந்து அவன் கையில் இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஒத்திகை. என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, மேலே வெள்ளைத் துணி போடுவான். கூட்டாளிகள் எதிரே உட்காருவார்கள். அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு இங்கிலீசில் பேசுவான். நடுவில் என்னைக் கேள்வி கேட்பான். முதல் தடவை நான் காப்பிக் காட்டிலிருந்து தொடங்கினேன். கை காட்டி நிறுத்தினான்.

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கண்ணே. காடெல்லாம் வேண்டாம். வலிக்குதா? வலிக்குது. காய்ச்சல்? இருக்கு. அவ்வளவுதான்."

துணியை எப்போது எடுப்பது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. தொடக்கத்திலேயே எடுத்தால் எல்லோரும் காலைப் பார்ப்பார்கள், பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்றான் ஒருவன். கடைசியில் எடுத்தால்தான் மனதில் நிற்கும் என்று முடிவு செய்தார்கள். கல்யாண வீட்டில் பலகாரம் எப்போது வைப்பது என்று பேசுகிற மாதிரி பேசினார்கள்.

காலைச் சுட்டிக்காட்ட அவனிடம் குச்சி இல்லை. வாத்தியார் மேசையிலிருந்த மர ஸ்கேலை எடுத்தான். முனை சீழில் பட்டது. கரும்பலகை துடைக்கும் துணியில் துடைத்துத் திரும்ப மேசையிலேயே வைத்தான். லீவு முடிந்தால் அதைப் பிள்ளைகள் தொடும். அன்று ராத்திரி வீட்டுக்காரியிடம் அதைச் சொன்னேன்.

இருமலுக்கு வந்த என் பங்காளி ஜன்னல் வழியாகப் பார்த்தான். "உனக்கென்னப்பா, மாப்பிள்ள மாதிரி தெனமும் ஒக்கார வெச்சு அழகு பாக்கறாங்க."

"நீ வந்து ஒக்காரு" என்றேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான்.

பிறகு ஒரு நாள் துணியை எடுத்தபோது விரலிடுக்கில் புழு நெளிந்தது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போதும்டா, கட்டிடு" என்றாள்.

"நீ உன் கேஸப் பாரு" என்றான். குனிந்து பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு" என்றான்.

நான் அவன் வாயைப் பார்த்தேன். வெற்றிலைகூடப் போடாத சுத்தமான வாய்.

சார் அடுத்த நாள் மத்தியானம் வந்தார். வளைவுகளில் வழியெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறார். முகம் வெளுத்து, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இறங்கினார். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து சோடா கொடுத்தார்கள். கொஞ்சம் படுத்து எழுந்திருக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் அவர் கீழே இறங்க வேண்டுமாம்.

கண்ணாடிக்காரன் நன்றாகப் பேசினான். தடுமாறாமல் பேசினான். கேட்டான், வலிக்குது என்றேன். கேட்டான், இருக்கு என்றேன். கடைசியில், ஒத்திகை பார்த்தபடி, துணியை ஒரே இழுப்பாக இழுத்தான்.

சார் எழுந்தார். வாசல் வரை போக முடியவில்லை. சுவரோரம் குனிந்தார். சோடா முழுதும் வெளியே வந்தது.

அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, இத்தன நாளா கட்டுப் போடல?"

"அவங்க ஒத்துக்கல சார். மலைல இவங்களோட நம்பிக்கை அப்படி."

வாசலில் நின்ற என் வீட்டுக்காரி உள்ளே வந்தாள். "கட்டுங்க சாமின்னு தெனமும் இங்க வந்து நின்னது நாந்தானுங்க. நாளைக்கி நாளைக்கின்னது இவருதானுங்க."

சார் அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். பையன் கண்ணாடியைத் துடைத்தான்.

"சரி. முடி" என்றார் சார்.

அவன் மீதியைச் சொல்லி முடித்தான். கை தட்டினார்கள். சார் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நல்லாப் பேசின. கட்டும் போட்டிருக்கலாம்." அந்த வரிசையில்தான் சொன்னார்.

அப்புறம் அந்தப் பெண்தான் கழுவிக் கட்டினாள். விரல் கறுத்துவிட்டது, உடனே கீழே ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றாள். வேனில் இடம் கேட்டோம். சார் இருக்கிறார், வாடை ஒத்துக்காது என்றார்கள். மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். புறப்படுமுன் என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த ஸ்கேலையும் துணியையும் எடுத்துச் சத்துணவு அடுப்பில் வைத்து எரித்தாள்.

கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். அடுத்த விரலும் போயிற்று.

தையில் என் வீட்டுக்காரி ஏணியில் ஏறினாள். நான் கீழே நின்று மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். பங்காளி அந்த வழியாகப் போனான்.

"என்னப்பா, ஊட்டுக்காரிய மரமேத்திப்போட்டு அண்ணாந்து பாக்கறயா?"

"ஆமா" என்றேன்.

அதற்கு அடுத்த மார்கழியில் இன்னொரு வேன் வந்தது. வேறு பையன்கள். இரண்டு பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். யாருக்காவது ஆறாத புண் இருக்கா, பாக்கணும் என்றார்கள். சிரித்த முகமாகத்தான் கேட்டார்கள்.

காலை நீட்டிக் காட்டினேன். விரல் இருந்த இடத்தைப் பார்த்தார்கள்.

"ஆறிப்போச்சுங்களா?"

"ஆறிப்போச்சு."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நான் எச்சிலைத் துப்பிவிட்டு, காலை மடக்கிக்கொண்டேன்.