பெரியப்பா கொண்டுவந்த பெட்டி

என் பெரியப்பா ஜெபம் பண்ணத் தொடங்கினால் லேசில் முடிக்க மாட்டார். அப்பாவின் அண்ணன், ராஜபாளையத்தில் எங்கள் சபைக் கமிட்டியில் பெரிய கை. ஆண்டவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவர் மாதிரிதான் பேசுவார். விசுவாசத்தைப் பற்றி அவர் வாய் கிழியப் பேசாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அந்த விசுவாசம் எம்புட்டு என்று எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே பார்த்தேன். த்தூ!

பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு மூளைக்காய்ச்சல். மதுரையில் வைத்துப் பார்த்தும் நினைவு திரும்பவில்லை. "இனி எங்க கையில ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டுபோயிருங்க" என்று மூக்கில் குழாயோடு அனுப்பிவிட்டார்கள். அம்மா அந்தக் குழாய் வழியாகப் பாலும் கஞ்சித்தண்ணியும் ஊற்றினாள். முதுகில் புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தாள். அடுப்படியில் போய் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். "ஆண்டவரே, இவிய உயிரு எனக்கு வேணும்" என்பாள். அவள் ஜெபம் அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். முடிஞ்சிருச்சா என்று பார்க்கத்தான் வந்தார்கள், வேறென்ன? காபியைக் குடித்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி நின்று, அடக்கத்துக்குப் பாடுகிற பாட்டாகப் பொறுக்கிப் பாடினார்கள். சாகக் கிடக்கிறவரைப் பாடி வழியனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். உயிரோடு கிடக்கிற மனுசன் காதில் விழுமே என்று ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, உமது அடியானைச் சமாதானத்தோடே எடுத்துக்கொள்ளும்" என்று இழுத்தார்.

"அத்தான், செத்த நிறுத்துங்க" என்றாள் அம்மா. "எடுத்துக்கிடச் சொல்லவா வந்திய? குடுக்கச் சொல்லிக் கேக்கத் தெரியலைன்னா சும்மா இருங்க."

பெரியப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. "ஏம்மா, தேவ சித்தம்னு ஒண்ணு இருக்குல்ல? அந்தக் குழாயை எடுத்துரு. அவனைப் போட்டு ஏன் வதைக்க?"

"சித்தம் என்னன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னாரோ? எங்கிட்ட சொல்லலையே."

அன்றைக்கு எழுந்து போன பெரியப்பா வீட்டில் அடங்கியிருக்க வேண்டியதுதானே? சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டெம்போ வந்து வாசலில் நின்றது. அதில் புத்தம்புதுச் சவப்பெட்டி, மூடியில் சிலுவை, வார்னிஷ் வாடை கூடப் போகவில்லை. அப்பா உள்ளே மூச்சுவிட்டுக்கொண்டு கிடக்கிறார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஆசாரி கடை இருக்காது. பொறவு அலைய முடியுமா? அதான் கையோட வாங்கியாந்துட்டேன்" என்றார், பெருமையாக. "அளவு கச்சிதமா இருக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒரே உசரந்தானே, என் அளவையே குடுத்துட்டேன்." அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது.

அம்மா கத்துவாள் என்று பார்த்தேன். "எறக்கி உள்ள வைங்க. வாரவுக உக்கார ஆகும்" என்றாள். அதன்மேல் ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டு, அடுத்த வேளைக் கஞ்சியைக் காய்ச்சப் போனாள்.

அப்பா சாகவில்லை. முதலில் கண் திறந்தது, பிறகு விரல் அசைந்தது. குழாயை எடுத்த அன்று அம்மா வாய்விட்டு அழுதாள். வலது பக்கம் விளங்காமல் போனது, வாய் கோணிவிட்டது, மில் வேலையும் போயிற்று. "நான் உயிரைத்தான் கேட்டேன், குடுத்துட்டாரு. கோணவாய் இருந்துட்டுப் போகுது" என்றாள். பேச்சு மட்டும் மாதக்கணக்கில் வரவில்லை.

பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். அவருடைய ஜெபத்துக்கு ஆண்டவர் இரங்கினாராம்! குரல் வேறு தழுதழுத்தது. வெட்கங்கெட்ட மனுசன். ஆராதனை முடிந்ததும் சபையாரைக் கூட்டிக்கொண்டு ஸ்தோத்திர ஜெபம் பண்ண எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

வந்தவர்கள் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு இடமில்லை. அப்பா கட்டிலில் சாய்ந்தபடி இடது கையை மெதுவாகத் தூக்கிப் போர்வை விரித்த பெட்டியைக் காட்டினார். வாய் கோணிக்கொண்டு, எச்சில் வழிய, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"உக்காருங்கண்ணே. ஒங்க அளவுதான."

அன்றைக்குப் பெரியப்பா ஜெபம் பண்ணாமலே கிளம்பினார்.