கீல் பூசிய சுவர்

புன்னைக்காயலில் ஜெபசுதா வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். கருப்புச் சுவர் வீடு என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். கடலைப் பார்த்த அந்த உயரச் சுவர் முழுக்க மீன்பிடி வள்ளத்துக்குத் தார் மாதிரிப் பூசுகிற கீல். அவள் புருஷன் வளன் கல்யாணமான மறுவருஷம் பூசியது. உப்புக்காற்றில் சுவர் உதிராமல் இருக்கத்தான் என்று சொன்னார். வீட்டுக்கும் வள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் ஆண்டுதோறும் மறுபூச்சுக்குக் கீல் காய்ச்சிக் கொடுத்தாள்.

வாதம் வந்து வளனுக்கு வலப்பக்கம் விழுந்த பிறகுதான் சுவரின் குணம் தெரிந்தது. இருப்பதோ ஒரே அறை. காலை வெயிலையெல்லாம் குடித்துவிட்டு, பகல் முழுக்க அந்தச் சுவர் கட்டிலருகே அனலாய்க் கக்கியது. ஃபேன் அந்தச் சூட்டையே வாரி இறைத்தது. ஏசி போட்டால் ஓட்டு இடுக்கில் குளிர் போய்விடும், கரண்ட் மீட்டர்தான் ஓடும் என்று எலக்ட்ரீசியன் சிரித்தார். வளனின் முதுகுப்புண் ஆறவில்லை. இப்படியே வேர்த்தால் புண் உள்ளே இறங்கிவிடும் என்று நர்ஸ் எச்சரித்தார்.

ஜெபசுதா சுண்ணாம்பு வாங்கி வந்தாள். கீலைச் சுரண்டி வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்னதும் வளன் சாப்பிட மறுத்துவிட்டார். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க வெந்து சாவுததுக்கா இந்தச் சொவரு?"

வாய் குழறினாலும் அவர் நிதானமாகச் சொன்னார். "ஏளா, ஒங்கண்ணன் மரியான், வள்ளம் மணல்திட்டுல மோதிச் செத்தது ஏன்? வள்ளம் உள்ள வாற ஆத்துவாய் எங்கன இருக்குன்னு கரையில ஒரு அடையாளமும் இல்ல. அதுக்குத்தான் கீலு பூசுனேன். கோயில் கோபுரத்தையும் இந்தச் சொவரையும் நேருக்கு நேர் வச்சுத்தான் சின்ன வள்ளம் இன்னைக்கும் உள்ள வருது. ஒங்கிட்டச் சொன்னா தெனமும் சொவரப் பாத்து அழுவ."

அவள் கடற்கரைக்குப் போனாள். இத்தனை வருஷமும் யாருக்காகக் காய்ச்சுகிறோம் என்று தெரியாமலே கீல் காய்ச்சியிருக்கிறாள். அண்ணனை நினைத்தும் அழுகை வந்தது, இந்த அழுத்தக்கார மனுஷனை நினைத்தும் வந்தது. வீட்டில் அவர், கடலில் ஊர்ப் பிள்ளைகள். யாரை விட?

கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திய வள்ளமும் கீல் பூசியதுதான். அதன் நிழலில், காற்றோட்டத்தில் நாலு பேர் சுகமாகப் படுத்திருந்தார்கள். கருப்பு இருக்கட்டும், சுவரோடு ஒட்டித்தான் இருக்கக்கூடாது என்று அவளுக்கு அப்போது பட்டது.

சுவர் வெள்ளையானது. கடல் பக்கமாக ஒரு முழம் தள்ளிக் கம்பு நட்டு, சுவர் உயரத்துக்கு ஓலைத்தட்டி கட்டினாள். வள்ளத்துக்காரர்கள் ஏணியோடு வந்து உதவினார்கள். தட்டிக்குக் கீல் பூசும் வேலையை மட்டும் அவள் யாருக்கும் விடவில்லை.

மறுநாள் முற்பகலில் வாசலில் நின்று பார்த்தாள். ஒரு வள்ளம் திட்டை விலக்கி நேராக உள்ளே வந்தது. எந்த வீட்டுப் பிள்ளையோ, அவளுக்கு மரியானே கரையேறியது மாதிரி இருந்தது.

உள்ளே வளன் இடக்கையைச் சுவரில் வைத்திருந்தார். முன்பெல்லாம் பட்டதும் சுட்டு இழுத்துக்கொள்வார்.

"ஏளா, வள்ளம் வந்துட்டா?"

"வந்துட்டு" என்றாள். அவர் கையை எடுக்கவில்லை.