சாந்தகுமாரியின் அயர்லாந்து மூக்கு

ரங்கூன் பபேடான் பேட்டையில் பர்மியப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் சாந்தகுமாரிக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அது அயர்லாந்து மூக்கு என்பது அவள் கட்சி. அந்தக் காலத்தில் இங்கே ரயில் ஓட்ட வந்த டோனவன் என்ற அயர்லாந்துக்காரர், தைலம்மாள் என்ற தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய கொள்ளுப்பேத்தி இவள். எதிர் டீக்கடை பீர் முகைதீன் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

"அக்கா, இந்த மூக்கு எங்க ராம்நாட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒண்ணு கெடக்கு."

அயர்லாந்தில் இருக்கும் சொந்தத்தில் ஒரே ஒருத்தர் 'நீ எங்க வீட்டுப் பிள்ளை' என்று சொல்லிவிட்டால் பீர் முகைதீன் வாயை அடைத்துவிடலாம். வெளியே சொல்லிக்கொண்ட காரணம் அதுதான். உள்ளுக்குள் அந்த ஒரு வார்த்தைக்கு அவள் நிஜமாகவே ஏங்கினாள்.

தம்பி தனசேகரன் அதே கட்டடத்தில் நான்காம் மாடி, அவள் முதல் மாடி. அம்மாவின் பதினாறாம் நாளன்று, அம்மாவின் தையல் மிஷினை அவன் அக்காவைக் கேட்காமல் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். அவள் ஒன்று சொல்ல அவன் ஒன்பது சொல்ல, பேச்சு நின்று ஏழு வருஷம் ஆகிறது. பேச்சு நின்றதே தவிர மீன்குழம்பு நிற்கவில்லை. ரங்கூன் மாடிகளில் சாமான் தூக்க மணி கட்டிய கயிறு தொங்குமே, ஞாயிறுதோறும் தனசேகரன் அதை இறக்குவான். அவள் தன் பால்கனியில் நின்று டிபன் கேரியரைக் கட்டி மணியை ஆட்டுவாள். காலி கேரியர் கழுவித் திரும்பி வரும். இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை கிடையாது.

ஊருக்கு வடக்கே மிங்கலாடோனில் இருக்கும் கடைசித் தம்பி சுரேந்திரனின் மகள் பூர்ணா, அயர்லாந்தில் நர்ஸ். அங்கே விசாரித்து, டோனவனின் அண்ணன் வழிச் சொந்தத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அப்பாவையும் அத்தையையும் பெரியப்பாவையும் சேர்த்தே அழைத்தாள். விமானத்தில் நடுவில் மாட்டிக்கொண்ட சுரேந்திரன் பாடுதான் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"சுரேந்திரா, உங்கண்ணன சொட்டர போட்டுக்கச் சொல்லு."

"எனக்குக் குளிரலன்னு சொல்லு."

அயர்லாந்தில் அந்தப் பண்ணைவீட்டில் நோரா என்ற கிழவியும் அவள் தம்பி மார்ட்டினும் இருந்தார்கள். நோரா டீ ஊற்றினாள். சாந்தகுமாரி அவள் மூக்கையே பார்த்தாள். சின்ன, சப்பை மூக்கு. மார்ட்டினுக்கும் அதே. சாந்தகுமாரி ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல், "சுரேந்திரா, உங்கண்ணனுக்குச் சீனி வேணுமான்னு கேளு" என்றாள். தனசேகரன் அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான்; ஆனாலும் சுரேந்திரன் எட்டி அவனைக் கேட்டான்.

நோராவின் கை நின்றது. இவர்கள் பேசிக்கொள்வதில்லையா என்று பூர்ணாவிடம் ஏதோ கேட்டாள். பூர்ணா சங்கடத்தோடு ஆமாம் என்று தலையாட்டினாள். கிழவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அத்தை, சந்தேகமே இல்லையாம். நீங்க அவங்க வீட்டுப் பிள்ளைங்கதானாம்" என்றாள் பூர்ணா. "அவங்களும் தம்பியும் பேசி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம். ஏதோ ஒரு பசுமாட்டு விஷயமாம்."

கேட்க ஆசைப்பட்ட வார்த்தை கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கிழவி ரொட்டியை நறுக்கி, தம்பியின் முகத்தைப் பாராமல் அவன் பக்கம் தட்டைத் தள்ளியதைக் கண்டதும் சாந்தகுமாரிக்குத் தன் டிபன் கேரியர் ஞாபகம் வந்தது.

ரங்கூன் திரும்பிய முதல் ஞாயிறு கயிறு இறங்கியது. அவள் கேரியரைக் கட்டினாள். மணியை ஆட்டவில்லை.

"தனசேகரா, இழு."

பீர் முகைதீன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். கயிறு வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெதுவாக ஏறியது. மேலே கேரியர் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா" என்றான் தனசேகரன் மேலிருந்து. "புளி கம்மி."

"ஏழு வருஷமாத் தின்னியே, அப்பத் தெரியலையா?"

"அப்பவும் கம்மிதான். யாருகிட்ட சொல்றது."