சொந்த உபயோகம், ஸ்பேர் ஒன்று

1. ஹோல்டு

ஞானராஜின் பார்சல் சென்னையில் சுங்கத்தில் நிற்கிறது என்று என் போனுக்குச் செய்தி வந்தபோது அவர் மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் பதறவில்லை. வெளிநாட்டிலிருந்து வயர்லெஸ் சாமான் வரவழைக்கிற விஷயத்தில் சங்கரன்கோவிலில் என்னைக் கேட்காமல் யாரும் ஃபாரம் நிரப்புவதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. மைக் செட்டுக்கு ஒயர் இழுக்கப் போனவன், ரேடியோ பிரித்துப் படித்தேன், டேப் ரெக்கார்டர் பார்த்தேன், செல்போன் வந்ததும் அதையும் பிரித்தேன். இன்றைக்கு என் கடையில் சர்வீஸ் ஒரு பக்கம், கூரியர் ஒரு பக்கம். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் வந்து, "அண்ணாச்சி, இதுல பர்ப்பஸ்னு கேட்டிருக்கான், என்ன போடணும்?" என்று நிற்பார்கள். ஊரில் எனக்குப் பெயரே ரேடியோ அண்ணாச்சிதான்.

இந்த வித்தையும் அடிபட்டுக் கற்றதுதான். குருவிகுளம் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவருக்கு மருமகன் அமெரிக்காவிலிருந்து ஒரு ஜோடி வாக்கி டாக்கி அனுப்பினார். வீட்டிலிருந்தே தோட்டத்து ஆளிடம் பேச ஆசை. சொந்த உபயோகம்தானே, வந்துவிடும் என்று நானும் தைரியம் சொன்னேன். வரவில்லை. அந்த நாட்டில் யாரும் பேசலாம் என்று விட்டிருக்கிற பிரிக்குவன்சி, நம் நாட்டில் அப்படி விடப்பட்டதல்ல. அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன்: வயர்லெஸ் சாமான் என்றால் முதலில் சாமானைப் பார்க்காதே, அது எந்த அலையில் பேசுகிறது என்று பார்.

அதனால் ஞானராஜின் மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு செட் வாங்கப் போகிறான் என்றதும், அதன் பின்பக்கத்து லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ரெண்டு புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ். நம் வீட்டு வைஃபை, புளூடூத் எல்லாம் பேசுகிற அலை. சக்தியும் குறைவு. "கண்ணை மூடிக்கிட்டு அனுப்பு தம்பி" என்றேன்.

அதுதான் இப்போது நிற்கிறது.

2. ஒன்பது பேர்

ஞானராஜ் விசைத்தறி ஓட்டியவர். எங்கள் ஊரில் தறி ஷெட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே ஒருவர் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அந்தச் சத்தத்தில் முப்பது வருஷம். காது போய்விட்டது. டாக்டர் கொடுத்த காது மிஷினையும், கூட்டத்தில் எல்லாச் சத்தத்தையும் சேர்த்து இரைகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். அவர் மட்டுமல்ல. அண்ணன், மச்சான், சகலை, பெரியப்பா மகன் என்று ஒரே ஷெட்டில் ஓட்டிய சொந்தக்காரர்கள், அவரோடு சேர்த்து ஒன்பது பேருக்கும் அதே கதை. ஒன்பது பேரும் ஒரு விசேஷ வீட்டில் உட்கார்ந்து பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மூத்த மகள் கல்யாணத்தில் ஞானராஜ் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் சம்மதம் சொன்னது காதில் விழவில்லை. எல்லோரும் எழுந்தபோது இவர் உட்கார்ந்திருந்தார், எல்லோரும் உட்கார்ந்தபோது எழுந்தார். இப்போது கல்யாணப் பெண்ணான இளையவள் பெனிட்டாவுக்கோ இயல்பிலேயே பூனைக்குரல்.

"இவ சொல்லுத வார்த்தைய நான் என் காதுல கேக்கணும்வே. அதுக்கு ஒரு மிஷின் இருக்கா, இல்லியா?" என்று கடையே அதிரக் கேட்டார்.

இருந்தது. வெளிநாட்டில் சுற்றுலா காட்டுகிறவர் சட்டையில் ஒரு சின்ன மைக் குத்தியிருப்பார். பின்னால் வருகிற பத்துப் பேர் காதில் பத்து ரிசீவர். அவர் முணுமுணுத்தாலும் பத்துப் பேருக்கும் கேட்கும். அந்தச் செட்டைத்தான் மகன் வாங்கினான்.

"பத்து எதுக்கு? ஒமக்கு ஒண்ணு போதுமே" என்று அவர் காதருகே கத்தினேன்.

"நான் மட்டும் காதுல மாட்டிக்கிட்டுச் சிரிச்சா, மத்தவனுவ எட்டுப் பேரும் என் மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருப்பானுவ? எல்லாவனும் கேக்கட்டும்."

3. நான் எழுதிய காகிதம்

செய்தி வந்த அன்று மத்தியானமே கூரியர் ஆபீசிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். சென்னைப் பேச்சு, வேகமாகப் பேசினான். என்ன சாமான், யாருக்கு, எதற்கு என்று கேட்டான். சொன்னேன். கடைசியாக ஒன்று அனுப்பச் சொன்னான்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்று வீட்டில் சொல்லுவாள், அது டிவி ஸ்பீக்கரின் கோளாறு. அன்றைக்கும் லைன்தான் கரகரவென்று இருந்தது. "சொந்தம்" என்றான், அது தெளிவாகக் கேட்டது. அடுத்து "டிஸ்ட்ரிபியூஷன்" என்றான்.

சரிதான், சொந்தக்காரர்களுக்கு எப்படிப் பிரித்துக் கொடுக்கப் போகிறோம் என்று கணக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மேலே இங்கிலீஷில் பெரிய எழுத்தாக "டிஸ்ட்ரிபியூஷன்" என்று போட்டுக் கோடு இழுத்தேன். ஒன்பது பேர் பெயர், விலாசம், போன் நம்பர், அண்ணன், மச்சான், சகலை என்று முறை. ரிசீவர் பத்து, ஆள் ஒன்பது. பத்தாவது வரியை வெறுமையாக விட்டால் சந்தேகப்படுவார்கள் என்று "ஸ்பேர்" என்று எழுதினேன். கடை சீலையும் குத்தினேன். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு ஞானராஜிடம், "நாளைக்கு ரிலீஸ்" என்று கையால் சைகை காட்டினேன்.

மூன்று நாள் கழித்து அதே பையன் கூப்பிட்டான். இந்தத் தடவை கத்தினான்.

"சார், என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? பர்சனல் யூஸ்னு கிளியர் ஆக வேண்டிய பார்சல் சார். நீங்க டிஸ்ட்ரிபியூஷன்னு எழுதி, பத்து பேர் லிஸ்ட் போட்டு, கடை சீல் வேற குத்தியிருக்கீங்க. கமர்ஷியல்னு நிறுத்திட்டாங்க. இம்போர்ட் கோடு கேக்குறாங்க, வயர்லெஸ் அப்ரூவல் கேக்குறாங்க."

"லைன் சரியில்ல தம்பி" என்றேன்.

ஞானராஜிடம் விஷயத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். படித்தார். சட்டைப் பையில் கல்யாணப் பத்திரிகை நீட்டிக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அப்போ இவ கல்யாணத்துக்கும் நான் வாயத்தான் பாத்துக்கிட்டு நிக்கணுமோ?" என்று மட்டும் கேட்டார். எப்போதும் கத்துகிற மனிதர் அதை மெதுவாகச் சொன்னார்.

"கெளம்பும்வே, மெட்ராசுக்கு" என்றேன்.

4. ஃபைலுக்குப் புரியவேண்டும்

இருவரும் ரயில் ஏறினோம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கூரியர் ஆபீஸ். அந்தப் பையன் நல்ல பையன், எங்களைச் சுங்க அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கண்ணாடி போட்ட பெண் அதிகாரி. என் மகளைவிடச் சின்ன வயது. மேஜையில் என் காகிதத்தின் பிரிண்ட் இருந்தது.

"இதை யார் எழுதினது?"

"நான்தாம்மா."

"கையெழுத்து அழகா இருக்கு. விஷயம்தான் தப்பா இருக்கு. வீட்டுக்கு வாங்குறவங்க யாராவது ஸ்பேர் வைப்பாங்களா? ஸ்பேர் வைக்கிறது கடைக்காரங்க."

நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தறி, காது, கல்யாணம், பூனைக்குரல். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஞானராஜைப் பார்த்தார்.

"ஐயா, இது சொந்த உபயோகத்துக்கா?"

ஞானராஜ் மேஜை மேல் குனிந்தார். "சொந்த ஊரா? சங்கரன்கோவில்தாம்மா. பொறந்தது ராயகிரி."

"ஊர் இல்லைங்க ஐயா. மிஷின்! மிஷினை விக்கப் போறீங்களா?"

"மிஷினா? தறிய வித்து அஞ்சு வருசமாச்சும்மா! காயலான் கடைக்குத்தான் போச்சி!"

அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். ஞானராஜும், எதற்கென்று தெரியாமலே, கூடச் சேர்ந்து சிரித்தார்.

நான் காரியம் முடிந்தது என்று எழுந்தேன். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார்.

"ஐயாவுக்குக் காது கேக்காதுன்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. ஃபைலுக்கும் புரியணும் இல்லையா?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தப் பெண்ணுக்கு நான் கும்பிடு போடுவேன். ஃபைலுக்குப் புரியவைக்க அவர் கேட்டவை இவை. இது எந்த அலையில், எவ்வளவு சக்தியில் பேசுகிறது என்று கம்பெனி போட்ட தாள். அதை மகன் அங்கிருந்து உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பினான். காது டாக்டரின் சீட்டு. அது ஞானராஜின் பையில் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. அவருடைய ஆதார் நகல். கல்யாணப் பத்திரிகை. அதைக் கொடுக்கும்போது ஞானராஜ் இரண்டு கையாலும் நீட்டி, "கட்டாயம் வந்துரணும்மா, பிரியாணி இருக்கு" என்றார். மகன் பெட்டியின் மேல் "கிஃப்ட்" என்று எழுதியிருந்தான், அப்படி எழுதினால் வரி கிடையாது என்று நினைத்து. கிஃப்ட் என்றாலும் வரி உண்டு என்று அதிகாரி சொன்னார். கட்டிவிட்டோம்.

கடைசியாக, "நீங்க முதல்லயே இதைத்தான் கொடுத்திருக்கணும்" என்று சொல்லி, ஒரு தாளின் பெயரைச் சொன்னார். எனக்கு மறுபடியும் "டிஸ்ட்ரிபியூஷன்" என்றுதான் கேட்டது. அங்கே போன் இல்லை, லைன் இல்லை, கரகரப்பு இல்லை. ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆபீசில் அதைக் கேட்டேன்: "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

அவர் நிறுத்திச் சொன்னார். உதட்டைப் பார்த்தேன். டிக்ளரேஷன். உறுதிமொழி. அவ்வளவுதான். சொந்த உபயோகம் என்று உறுதிமொழி.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு மைக், பத்து ரிசீவர் சேர்ந்து ஒரே செட். குடும்ப உபயோகத்துக்கு. விற்பனைக்கு அல்ல. மூன்றே வரி. ஞானராஜ் கையெழுத்துப் போட்டார். சீல் குத்தவில்லை.

5. சம்மதம்

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் பார்சல் வந்தது. பத்தையும் சார்ஜ் ஏற்றி, ஒன்பது பேரையும் கடைக்கு வரவழைத்து, ஒவ்வொருவர் காதுக்கும் சவுண்டு வைத்துக் கொடுத்தேன். மைக்கில் நான், "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றதும் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் "ஏலேய்ய்!" என்று கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர் சண்டை என்று ஓடிவந்தார்.

கல்யாணத்தன்று மைக்கைப் பெனிட்டாவின் தோளில், பூவுக்குப் பின்னால் குத்திவிட்டேன். ஒன்பது பேரும் முன்வரிசையில் வரிசையாக, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதில் ஒயர். பத்தாவது ரிசீவர் என் காதில். டெஸ்டிங்குக்கு.

மாப்பிள்ளை பெண் பக்கம் லேசாகச் சாய்ந்தான்.

"ஒங்க அப்பாவும் பெரியப்பாமாரும் என்னத்துக்கு ஒயரு மாட்டி உக்காந்துருக்காங்க? மந்திரிக்குப் பாதுகாப்பு வந்த மாதிரில்லா இருக்கு."

"சும்மா இருங்க, அவங்களுக்குக் கேக்கும்" என்றாள் பெனிட்டா.

முன்வரிசை குலுங்கியது. ஒன்பது கிழவர்கள் சர்ச்சுக்குள் வாய்விட்டுச் சிரித்தால் எப்படியிருக்கும்? போதகர் படிப்பதை நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

பிறகு போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டார். சர்ச் அமைதியானது. பெனிட்டா சொன்னாள். அவள் பக்கத்தில் நின்ற தோழிக்குக்கூடக் கேட்டிருக்காது.

"சம்மதம்."

ஞானராஜ் எழுந்தே விட்டார்.

"கேட்டுச்சு மக்கா!"

கூரை ஓட்டில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம். போதகரே சிரித்துவிட்டார். இந்தத் தடவை ஞானராஜ் எழுந்தபோது அவருக்காகச் சபை முழுக்க எழுந்தது.

6. ஸ்பேர்

பந்தியில் ஞானராஜ் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள பேசும்போது நீரு ஏன்வே சிரிச்சீரு?"

"கேட்டுச்சு, சிரிச்சேன்" என்று கத்தினேன்.

"காதுல கெடக்குத அத கழத்தும்."

கழற்றினேன். அவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு, அவருக்கு வராத மெல்லிய குரலில் என்னமோ சொன்னார்.

"என்னது?" என்றேன்.

பிரியாணி இலை மேலே சிந்தச் சிந்தச் சிரித்தார். "அப்பமே நெனச்சேன்! மைக் செட்டுக்காரன் காது மட்டும் என்ன இரும்பா? அந்த ஸ்பேரு ஒமக்குத்தாம்வே. ஒம்ம கையாலயே எழுதி வச்சிருக்கீரு."

"அதுல சொந்தக்காரங்களுக்குன்னுல்லா எழுதியிருக்கேன்."

"நீரு என்ன வேத்தாளா?"

அடுத்த வாரம் திருநெல்வேலிக்குப் போய்க் காது டெஸ்ட் செய்து, இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கிவிட்டேன். வீட்டில் டிவி சத்தம் குறைந்துவிட்டது. ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அலையைப் பார், லேபிளைப் பார். வாக்கி டாக்கி, ட்ரோன், சாட்டிலைட் போன் என்றால் வாங்குவதற்கு முன்பே விசாரி, வாங்கியபின் அழாதே. விதி மாறிக்கொண்டே இருக்கும், போன வருஷம் வந்தது என்று இந்த வருஷம் நம்பாதே. இதெல்லாம் கம்ப்யூட்டரே சொல்லும். கம்ப்யூட்டர் சொல்லாத ஒன்று உண்டு: சரியாகக் காதில் விழாத வார்த்தையை விழுந்தது போல ஃபாரத்தில் எழுதாதே.

இப்போது கூரியர் ஆபீஸ் போன் வந்தால், காதில் மிஷின் இருந்தாலும், எல்லாம் தெளிவாகக் கேட்டாலும், முதலில் நான் சொல்லுவது ஒன்றுதான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி."